பெண் குழந்தைகள் இல்லம் தொடங்க அறக்கட்டளைப் பதிவு மட்டும் போதுமா?

கேட்டவர்: வியாசர்பாடி

வணக்கம். மாலை நேரப் படிப்பு மையம் நடத்திவரும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. மாதவரத்தில் உள்ள தம் மாடி வீட்டைக் குழந்தைகள் இல்லத்துக்காகத் தர நன்கொடையாளர் ஒருவர் முன்வந்துள்ளார். ஆதரவற்ற சிறுமியர் 25 பேரை அங்கே தங்கவைத்துப் படிக்கவைக்கலாம் என்பது அறங்காவலர்களின் எண்ணம். அறக்கட்டளைப் பத்திரமும் 80ஜி சான்றும் கையில் உள்ளன. இவை போதுமா, தனி அங்கீகாரம் வேண்டுமா, எந்த அலுவலகத்தை அணுக வேண்டும்? மையத்துக்கு வரும் சிறுமியர் சிலரின் தாய்மார்கள் கணவரை இழந்தவர்கள். வீட்டு வேலைக்குச் சென்று அங்கேயே தங்கிவிடுபவர்கள். "கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம், பிள்ளையை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். சான்று வரும்வரை இவர்களை மட்டுமாவது சேர்க்கலாமா?

பதில் 1: இல்லக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்

கடைசிக் கேள்விக்கே முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: சேர்க்கக் கூடாது. தாயின் கையெழுத்து இல்லத்துக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை இல்லத்தில் வைப்பதா வேண்டாமா என்று ஆணையிடும் அதிகாரம், மாவட்டந்தோறும் சட்டப்படி அமைக்கப்படும் குழந்தைகள் நலக் குழுவுக்கு மட்டுமே உண்டு. தானே வந்து நிற்கும் குழந்தையாயினும் 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும்.

80ஜி என்பது நன்கொடையாளருக்கான வருமான வரிச் சலுகை. குழந்தைகளைத் தங்கவைக்கும் உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 41ஆம் பிரிவின்படி, அரசு நிதி பெற்றாலும் பெறாவிட்டாலும் இத்தகைய ஒவ்வோர் இல்லமும் பதிவு பெற்றாக வேண்டும். பதிவின்றி நடத்துவோருக்கு 42ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு. விண்ணப்பிக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு 30 நாளும் தனிக் குற்றமாகக் கருதப்படும். இந்தக் கண்டிப்புக்கு நம் மாநிலமும் ஒரு காரணம். மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டதாக 2007இல் எழுந்த வழக்கில்தான், நாடெங்கும் உள்ள இல்லங்களின் பதிவை 2017 டிசம்பர் 31க்குள் முடிக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

விண்ணப்பம் படிவம் 27. மாதவரம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் திருவள்ளூருக்கு அலைய வேண்டியதில்லை. சென்னை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தொடங்குங்கள். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மாவட்ட ஆட்சியரின் பரிந்துரையைப் பார்த்தே மாநில அரசு பதிவு வழங்குகிறது. ஒரு மாதத்துக்குள் தற்காலிகப் பதிவு தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால், விண்ணப்பம் பெற்றதற்கான ஒப்புகையே ஆறு மாதம் வரை தற்காலிகப் பதிவாகக் கொள்ளப்படும். ஆகவே தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகையை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். முழுப் பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும்.

சான்றில் எத்தனை குழந்தைகள் என்று எழுதப்படுகிறதோ அதுவே உச்ச வரம்பு. 25 என்று எழுதியிருக்க, இரக்கப்பட்டு இருபத்தாறாவது பாயை விரித்தால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். சிறுமியர் இல்லத்தில் பொறுப்பாளர் முதல் பணியாளர் வரை பெண்களாகவே இருக்க வேண்டும். அனைவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் வேண்டும்.

பதில் 2: கட்டடப் பொறியாளர்

அந்த வீட்டை ஏற்கும் முன் அளந்து பாருங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் படுக்கைக் கூடத்தில் குழந்தை ஒன்றுக்கு 40 சதுர அடி கேட்கின்றன; 25 பேருக்கு அதுவே 1,000 சதுர அடி. ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்ற கணக்கில் நான்கும் மூன்றும் தேவை. உணவுக்கூடம், நோயுற்றோர் அறை, வகுப்பறை, நூலகம், பண்டக அறை எல்லாம் இதற்கு மேல். குடும்பம் வாழக் கட்டிய வீட்டில் பெரும்பாலும் ஒரே மாடிப்படி இருக்கும், அதன் அடியில் மின்மீட்டர் பலகை இருக்கும், சன்னல்களில் திறக்க முடியாத கம்பி வலை இருக்கும். கீழே தீப்பிடித்தால் மாடியில் உறங்குவோருக்கு வழியே இல்லை. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றுக்கு வருபவர் முதலில் பார்ப்பது இதைத்தான். இத்தகைய வீட்டைச் சீரமைப்பதைவிட வாடகைக்கு வேறிடம் தேடுவது சிக்கனம் என்பது என் கருத்து.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நன்கொடையாளரின் வீடும் ஒரே மாடிப்படி உள்ளதுதான். ஆயினும் காத்திருக்கும் தாய்மார்களுக்கு என்ன விடை சொல்வது?

பதில் 3: எழும்பூர் வழக்கறிஞர்

இச்சிறுமியருக்குத் தாய் இருக்கிறார். இல்லாதது வருமானமும் மாலை நேரத் துணையும்தான். நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறும் அடிப்படை நெறிகளுள் ஒன்று. கணவரை இழந்த அல்லது கணவரால் கைவிடப்பட்ட தாயின் குழந்தைக்கு மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின்கீழ் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெற வழியுண்டு. நகர்ப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். நீங்கள் பதிவுக்காகச் செல்லப்போகும் அதே மாவட்ட அலகில்தான் இதற்கும் விண்ணப்பம் தர வேண்டும். தாய் தங்கி வேலை பார்ப்பதை விடுத்து மாலையில் வீடு திரும்பும் வேலைக்கு மாற இந்தத் தொகை உதவலாம். அதுவரையிலான சில மணி நேரத்துக்கு உங்கள் படிப்பு மையம் இருக்கிறது, அதற்கு இந்தப் பதிவு தேவையில்லை. கணவரின் இறப்புச் சான்றும் வருமானச் சான்றும் இல்லாமல்தான் பல விண்ணப்பங்கள் தேங்குகின்றன. அவற்றை வாங்கித் தருவதிலிருந்து தொடங்குங்கள்.