மாசத்துல ஒரு புதன்கிழமை மட்டும் சிபியூ 100%: பில்லிங் மெஷின் நகர மாட்டேங்குது

கேள்வி (காரைக்குடி, டைல்ஸ் கடை)
விண்டோஸ் 11, ஐ3 8100, 8 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க். மாசத்துல ஒரு புதன்கிழமை, காலையில மெஷினைப் போட்டா மதியம் வரைக்கும் சிபியூ 100-ஐ விட்டு இறங்காது. டாஸ்க் மேனேஜர்ல விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் ஒர்க்கர், ஆன்டிமால்வேர் சர்வீஸ், டாட்நெட் ஆப்டிமைசேஷன் சர்வீஸ் மூணும் மேல நிக்குது. எண்ட் டாஸ்க் குடுத்தா அடங்குது, அரைமணியில திரும்ப வந்துடுது. ராத்திரி 9 மணிக்கு மெயினை அணைச்சுட்டுத்தான் பூட்டுறோம். அப்டேட்டை ஒரேயடியா நிறுத்திடலாமா?

பதில் (தேவகோட்டை)
நிறுத்தாதீங்க. எண்ட் டாஸ்க்கும் வேண்டாம். பாதியில கொன்னா, விட்ட வேலையை அடுத்த தடவை திரும்ப எடுத்துக்கும். ஃபைல் கெட்டுப்போகவும் வாய்ப்பு இருக்கு.

ஏன் புதன்னு கேட்டா, மாதாந்திர அப்டேட் அமெரிக்காவுல ரெண்டாவது செவ்வாய் காலை 10 மணிக்கு வெளியாகுது. நமக்கு அது ராத்திரி 10.30, அவங்க குளிர்காலத்துல 11.30. அப்ப உங்க மெயின் ஆஃப். மத்த ஊர்ல ராத்திரியில முடியுற வேலை உங்களுக்கு பில் போடுற நேரத்துல நடக்குது. அப்டேட்டை நிறுவுற ஒர்க்கர் பிரிக்கிற ஒவ்வொரு ஃபைலையும் ஆன்டிமால்வேர் சோதிக்கும், அதனால ரெண்டும் சேர்ந்தே ஏறும். மெஷின் சும்மா இருக்கும்போது ஓட வேண்டியது டாட்நெட் வேலை. உங்க மெஷின் சும்மா இருக்கிறதே இல்லையே!

அந்தச் செவ்வாய் ராத்திரி மட்டும் மெஷினை ஓட விடுங்க. பவர் செட்டிங்ல ஸ்லீப்பை 'நெவர்'னு வச்சுட்டு மானிட்டரை மட்டும் அணைங்க. யுபிஎஸ் கட்டாயம். புதன் காலையில ஒரு ரீஸ்டார்ட். அப்டேட் செட்டிங்ல இருக்கிற ஆக்டிவ் ஹவர்ஸை (மெஷினைப் பயன்படுத்துற நேரம்) கடை நேரத்துக்கு மாத்தினா, பில் போடும்போது தானா ரீஸ்டார்ட் ஆகாது.

பதில் (பள்ளத்தூர்)
அண்ணன் சொன்னது சரி, ஆனா முதல்ல அப்டேட் ஹிஸ்டரியைப் பாருங்க. ஒரே கேபி நம்பர் (அப்டேட்டோட அடையாள எண்) 'ஃபெயில்டு'னு திரும்பத் திரும்ப இருந்தா, விடிய விடிய ஓடவிட்டும் பிரயோஜனமில்ல. ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியா மாத்துறதும் நல்லது. டிஸ்க்குக்காகக் காத்திருக்கிற நேரம் சிபியூ கணக்குல வராது, ஆனா வேலை இழுத்துக்கிட்டே போகும்.

கேள்வி கேட்டவர்
ஒரே நம்பர் 3 தடவை ஃபெயில். சி டிரைவ்ல 40 ஜிபி காலி இருக்கு.

பதில் (பள்ளத்தூர்)
அப்ப இடப் பிரச்சினை இல்ல, விண்டோஸோட அடிப்படை ஃபைல் கெட்டிருக்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, டிஸம் (டி-ஐ-எஸ்-எம்) ஸ்லாஷ் ஆன்லைன் ஸ்லாஷ் கிளீனப்-இமேஜ் ஸ்லாஷ் ரெஸ்டோர்ஹெல்த்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி எண்டர் குடுங்க. (ஸ்லாஷுக்கு முன்னாடி இடைவெளி விடுங்க, பின்னாடி விடாதீங்க.) 62.3%-ல ரொம்ப நேரம் நிக்கும், மூடிடாதீங்க. அது முடிஞ்சபிறகுதான், கெட்ட ஃபைலை மாத்துற எஸ்எஃப்சி ஸ்லாஷ் ஸ்கேன்நவ் கமாண்ட். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுக்கிற கிடங்கைத்தான் டிஸம் சரிபண்ணுது, அதனால வரிசை மாறக்கூடாது.

அப்பவும் ஃபெயில் ஆனா, சர்வீசஸ்ல விண்டோஸ் அப்டேட்டையும் பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபரையும் நிறுத்திட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டருக்குப் பேரை மாத்துங்க. ரீஸ்டார்ட் பண்ணினா புதுசா உருவாகும். ஹிஸ்டரி பட்டியல் அழிஞ்சுடும், கேபி நம்பரைக் குறிச்சு வச்சுக்குங்க. அதே விண்டோஸ் ஃபோல்டர்ல வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பெருசா இருக்கேன்னு அதுல மட்டும் கைவைக்காதீங்க.

பதில் (ஆத்தங்குடி)
டைல்ஸ் கடைன்னு சொன்னதால ஒண்ணு. சிபியூ 100-ல இருக்கும்போது டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல 'ஸ்பீடு' எவ்வளவு? 8100-க்கு 3.6 கிகாஹெர்ட்ஸ் ஒட்டி இருக்கணும்.

கேள்வி கேட்டவர்
1.3-லேயே ஆடுது.

பதில் (ஆத்தங்குடி)
அப்ப அனேகமா சூடுதான். அந்தச் சிப் 100 டிகிரியைத் தொட்டா தானே வேகத்தைக் குறைச்சுக்கும், 1 மணி நேர அப்டேட் 3 மணி நேரமாகும். சிமெண்டுத் தூசி ஃபேனுக்கு அடியில ஹீட்சிங்க் (சிப்போட சூட்டை இழுக்கிற உலோகத் தகடுகள்) இடுக்குல அப்பியிருக்கும், மேலாகப் பார்த்தா தெரியாது. பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு புளோயர் அடிங்க. சும்மா சுத்தவிட்டா பேரிங் போயிடும். ஈரம் பட்டா சிமெண்ட் இறுகிடும், ஈரத்துணி வேண்டாம். ஹீட்சிங்க்கைக் கழட்டினா சிப் மேல இருக்கிற பழைய தெர்மல் பேஸ்டைத் துடைச்சுட்டு புதுசா ஒரு உளுந்து அளவு நடுவுல வையுங்க. மாட்டும்போது நாலு பின்னையும் எதிரெதிர் மூலையா அழுத்துங்க. நாலும் 'டக்'னு உட்காரணும்; ஒண்ணு தூக்கியிருந்தாலும் இதே 1.3 தான் வரும்.