ஊர் வீடு குழு: தொண்ணூறாயிரத்துக்கு ஒரு பிலிம் கேமரா

நித்யா: கான்டாக்ஸ் டி2 என்றொரு பிலிம் கேமரா பார்த்து வைத்திருக்கிறேன். சட்டைப் பையில் அடங்கும். டைட்டானியம் உடம்பு, 38 மி.மீ. ஜைஸ் சோனார் லென்ஸ். 90,000 கேட்கிறார்கள். பொங்கலுக்கு வரும்போது அப்பத்தாவை ஒரு ரோல் முழுக்க எடுக்க ஆசை. வாங்கலாமா?

அப்பா: ஒரு பூஜ்யம் கூடிவிட்டதா பார்.

நித்யா: கூடவில்லை அப்பா.

அப்பா: போனில்தான் கேமரா இருக்கிறதே.

கார்த்தி அண்ணன்: அவசரப்படாதே நித்தி. 2017இல் கெண்டல் ஜென்னர் என்ற மாடல் அமெரிக்க டி.வி. நிகழ்ச்சியில் டி2வைத் தூக்கிக் காட்டினார். அதிலிருந்து அதற்குத் தனி மவுசு. நல்ல கேமராதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் செய்த கியோசெரா 2005இலேயே கேமரா தொழிலை விட்டுவிட்டது. உள்ளே சர்க்யூட் போனால், இன்னொரு டி2வைப் பிரித்துத்தான் பாகம் எடுக்க வேண்டும்.

நித்யா: அப்படியானால் ரிக்கோ ஜிஆர்1? இல்லை நிக்கான் 35டிஐ? தலையில் கடிகாரம் மாதிரி முள்ளெல்லாம் ஓடுகிறது, பார்க்கவே அழகு.

கார்த்தி அண்ணன்: அழகுக்கு 35டிஐ. எனக்கு ஜிஆர்1தான் பிடிக்கும். ரோலைப் போட்டதும் முழுவதையும் வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, எடுக்க எடுக்க ஒவ்வொரு படமாக டப்பாவுக்குள் திருப்பி அனுப்பும். கை தவறிப் பின்மூடி திறந்தாலும் எடுத்த படங்கள் பிழைக்கும். ஆனால் மேலே இருக்கும் எல்சிடி எண்கள் வயதாக ஆக மறைந்துபோகும். என் நண்பன் இந்த ரகத்தில் ஒன்று வாங்கினான். மூன்றாவது ரோலில் லென்ஸ் நீட்டியது நீட்டியபடி நின்றுவிட்டது. இப்போது அவன் மேஜையில் பேப்பர் வெயிட்.

சித்தப்பா: பிலிம் என்றதும் ஞாபகம் வந்தது. ஊட்டியிலேயே செய்தார்கள், ‘இந்து’ என்று பெயர். அந்தக் கறுப்பு வெள்ளை ரோலில்தான் உன் அப்பாவை மீசை இல்லாமல் எடுத்தேன். பீரோவில் இருக்கிறது, தேடிப் போடுகிறேன்.

அப்பா: தேட வேண்டாம்.

சிங்கப்பூர் அத்தை: இப்போதுதான் பார்த்தேன். நித்திம்மா, காசைக் கொட்டாதே. நான் எங்கே வேலை பார்த்தேன் என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா?

நித்யா: ஏதோ பேக்டரி என்று...

சிங்கப்பூர் அத்தை: ஏதோ பேக்டரியா! ரோலை (Rollei) என்ற ஜெர்மன் கேமரா கம்பெனி. 1981இல் மூடும் வரை அங்கேதான் இருந்தேன். ஜெர்மனியில் 1966இல் வந்த ரோலை 35ஐ எழுபதுகளில் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து செய்தார்கள். எங்கள் வரிசையில் முக்கால்வாசி பெண்கள். என்னிடம் ஒரு 35எஸ் இருக்கிறது. இதுவும் சோனார்தான், 40 மி.மீ., லென்ஸ் திறப்பு எஃப் 2.8. போன வருஷம் ஷட்டரைத் தட்டிப் பார்த்தேன், கணீரென்று போகிறது. பொங்கலுக்கு எடுத்து வருகிறேன்.

நித்யா: அத்தை!!! ஆட்டோ போகஸ் உண்டா?

சிங்கப்பூர் அத்தை: ஒன்றும் கிடையாது. தூரத்தை நீயே கணக்குப் பண்ணி வளையத்தில் வைக்க வேண்டும். ஷட்டருக்குப் பேட்டரியே வேண்டாம். வெளிச்சம் காட்டும் முள்ளுக்கு மட்டும்தான் வேண்டும். அந்தப் பாதரச பேட்டரி இப்போது விற்பதில்லை. போனில் லைட் மீட்டர் ஆப் போட்டுக்கொள்.

அப்பா: ஆக, போன் வேண்டும்.

கார்த்தி அண்ணன்: 😂

சிங்கப்பூர் அத்தை: தம்பி, நீ சும்மா இரு. நித்தி, ஒன்றை மட்டும் மறக்காதே. லென்ஸை உள்ளே தள்ளுவதற்கு முன் பிலிமை நகர்த்தும் லீவரைச் சுற்றியிருக்க வேண்டும். சுற்றாமல் பலவந்தம் பண்ணினால் போச்சு. லீவர் இடது கைப்பக்கம் இருக்கும், ரோலைத் திருப்பிச் சுற்றும் பிடி அடியில் இருக்கும். முதல் நாள் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும்.

நித்யா: தூரம்தான் பயமாக இருக்கிறது. 36 படமும் மங்கலாக வந்தால்?

சிங்கப்பூர் அத்தை: வேகம் 400 உள்ள ரோல் போடு. முற்றத்து ஓரத்தில், நேர் வெயில் படாத இடத்தில் திறப்பு எஃப் 8, ஷட்டர் நொடியில் அறுபதில் ஒன்று. சந்தேகமாக இருந்தால் மீட்டரைப் பார்த்துக்கொள். வளையத்தை 3 மீட்டரில் விட்டுவிடு. 2 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை எல்லாம் தெளிவாகவே விழும். உள் அறைக்குள் போய் லென்ஸை முழுக்கத் திறந்து எஃப் 2.8இல் எடுத்தால்தான் வம்பு, ஓரடி பிசகினாலும் முகம் மங்கிவிடும். தம்பி, தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண் எவ்வளவு தூரம்?

அப்பா: எனக்கு எப்படித் தெரியும்?

சிங்கப்பூர் அத்தை: டேப் எடுத்துப் போய் அள.

அப்பா: எட்டரை அடி. இந்த வயதில் என்னை டேப் பிடிக்க வைத்துவிட்டீர்கள் அக்கா.

சிங்கப்பூர் அத்தை: இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல், சரியாகப் போச்சு. அம்மாவை ஒரு தூணில் சாய்த்து உட்கார வை நித்தி, நீ அடுத்த தூணில் முதுகை வைத்துக்கொள். வளையத்தைத் தொடவே வேண்டாம்.

நித்யா: 🙏🙏 ரோலும் அங்கிருந்தே வாங்கி வருகிறீர்களா அத்தை?

கார்த்தி அண்ணன்: வேண்டாம், சென்னையிலேயே வாங்கு. விமான நிலையத்தில் புது சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனருக்குள் போனால் ரோல் புகை பிடித்த மாதிரி ஆகிவிடும். கையால் சோதிக்கச் சொல்லி அத்தை ஒவ்வொரு இடத்திலும் கெஞ்ச வேண்டும். கழுவுவதற்கும் சென்னையில் ஆள் இருக்கிறார், நம்பர் தருகிறேன்.

சித்தப்பா: மீசைப் படம் கிடைத்துவிட்டது.

அப்பா: தம்பி, அது இந்தக் குழுவுக்கு வந்தால் நான் வெளியே போய்விடுவேன். அப்புறம் நித்தி, அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இதைக் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவரும் வரை நான் இருப்பேனா என்று கேட்கிறார்கள்.

சிங்கப்பூர் அத்தை: 24 படம் ரோலாகவே போடச் சொல்கிறேன், சீக்கிரம் முடியும் என்று சொல்.