நாலடி ரீஃப் (கடல் பவள) தொட்டி: இந்த மீன்கள் ஒண்ணா இருக்குமா?

கடல்கண்ணாடி:
வணக்கம். தொட்டி 120 × 45 × 45 செ.மீ., கீழே 60 லிட்டர் சம்ப் (வடிகட்டித் தொட்டி), ஸ்கிம்மர் (நுரையால கழிவைப் பிரிக்கிறது), சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கிறது) ஓடுது. உலர் பாறை 25 கிலோ, மணல் 3 செ.மீ. சைக்கிள் (அம்மோனியாவைச் சிதைக்கிற பாக்டீரியா வளர்றது) முடிஞ்சு ஆறு வாரம் ஆச்சு. அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 8, உப்பு (அடர்த்தி எண்) 1.025, வெப்பம் 26. சோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு டோட்ஸ்டூல் லெதர்னு பவளங்கள் மட்டும் இருக்கு. மீன் இன்னும் ஒண்ணுகூட விடலை. இடம் சென்னை.

ஆசைப்பட்டு எழுதி வச்ச பட்டியல்: ஆசெல்லாரிஸ் கிளவுன் 2, மரூன் கிளவுன் 1, ப்ளூ டாங் 1, பவுடர் ப்ளூ டாங் 1, டோமினோ டாம்செல் 3, க்ரீன் க்ரோமிஸ் 6, சிக்ஸ்லைன் ராஸ் 1, மாண்டரின் 1, கோரல் பியூட்டி 1, ஃபயர்ஃபிஷ் 2, க்ளீனர் இறால் 2.

எதை எடுக்கணும், எந்த வரிசையில விடணும்? "முதல்ல டாம்செல் விடுங்க, தொட்டி செட் ஆயிடும்"னு கடையில சொல்றாங்க. சரியா?

பவளத்திட்டு:
கடைசிக் கேள்விக்கு முதல்ல. வேண்டாம். மீனை வச்சு சைக்கிள் ஓட்டினது பழைய காலம். உங்க தொட்டி ஏற்கெனவே சைக்கிள் ஆயிடுச்சு, டாம்செல் வந்து செட் பண்ண எதுவும் மிச்சமில்லை. டோமினோ வாங்கும்போது கட்டைவிரல் நகம் அளவு, மூணு வெள்ளைப் புள்ளியோட அழகா இருக்கும். வளர்ந்தா 14 செ.மீ., புள்ளி மங்கிடும், கோபம் மட்டும் மங்காது. அதுக்கப்புறம் வர்ற எந்த மீனையும் பாறைப் பக்கம் அண்ட விடாது. பிடிச்சு வெளியே எடுக்கணும்னா மொத்தப் பாறையையும் கலைக்கணும். மூணையும் பட்டியல்ல இருந்து அடிச்சிடுங்க.

அடுத்து டாங். உங்க கணக்குல 243 லிட்டர். மணல், பாறை, மேலே விடுற இடைவெளி போக மிஞ்சுறது 200 லிட்டர் பக்கம். ஆனா டாங் விஷயத்துல லிட்டரை விட நீளமும் அகலமும்தான் முக்கியம். ப்ளூ டாங் 30 செ.மீ. வரை வளரும். உங்க தொட்டியோட அகலம் 45, அதுல பாறை பாதி. 30 செ.மீ. மீன் எங்க திரும்பும்? பவுடர் ப்ளூ நம்ம இந்தியப் பெருங்கடல் மீன்தான், கடையில சுலபமா கிடைக்கும், 23 செ.மீ. ஆகும். நாள் முழுக்க நீந்தி மேயுற மீனை நாலடியில அடைச்சா முதல்ல வெள்ளைப்புள்ளி நோய் வரும், அது மத்த மீனுக்கும் பரவும். ரெண்டு டாங்கும் ஆறடித் தொட்டிக்கு.

கிளவுன்ல ஒரு இனம் மட்டும். மரூன் பெண் 15 செ.மீ. தாண்டும், கன்னத்துல முள் இருக்கும், ஆசெல்லாரிஸை விட்டு வைக்காது. ஆசெல்லாரிஸ் ரெண்டையும் ஒரே நேரத்துல, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு வாங்குங்க. எல்லாக் கிளவுனும் பிறக்கும்போது ஆண். ஜோடியில பெருசு பெண்ணா மாறும். சிறுசு அதுக்கு முன்னாடி ஒருக்களிச்சு உடம்பை நடுக்கிக் காட்டும். பயந்துடாதீங்க, அது வலிப்பு இல்லை, "நீதான் பெரியவ"ன்னு ஒத்துக்கிறது. அந்த நடுக்கம் வந்துட்டா ஜோடி அமைஞ்ச மாதிரி. வளர்ந்த ரெண்டை ஒரே அளவுல வாங்கினா ரெண்டும் பெண்ணா இருக்க வாய்ப்பு உண்டு, ஒண்ணு சாகுற வரை சண்டை. அனிமோன் இப்ப வேண்டாம். புதுத் தொட்டியில அது இடம் தேடி நகர்ந்து வேவ்மேக்கர்ல (அலை உண்டாக்குற பம்ப்) மாட்டிக் கிழியும். உங்க லெதரையே கிளவுன் வீடா எடுத்துக்கிட்டாலும் ஆச்சரியமில்லை.

க்ரோமிஸ் கடல்ல நூத்துக்கணக்குல கூட்டமா இருக்கும். தொட்டியில கூட்டம் சின்னதானதும் கடைசி ஆளை எல்லாரும் சேர்ந்து கொத்துவாங்க. அது போனா அடுத்த ஆள் கடைசி. ஆறு விட்டு ஒண்ணு மிஞ்சுறது சகஜம். கூட்டமா ஏதாவது வேணும்னா பைஜாமா கார்டினல் நாலு போடுங்க. 8 செ.மீ.தான், அடிதடி குறைவு. பகல்ல சும்மா தொங்கிக்கிட்டு நிக்கும், விளக்கு மங்கினதும்தான் சுறுசுறுப்பு. அதனால ஒரு வேளை தீனியை விளக்கு அணையுற நேரத்துல போடணும்.

ராஸ்பிரியன்:
மேலே சொன்னதெல்லாம் சரி. மிச்ச மீன்களைப் பத்தி நான்.

சிக்ஸ்லைன் முதல் ரெண்டு மூணு மாசம் நல்ல பிள்ளை. அப்புறம் தொட்டி முழுக்க தன் பேர்ல பட்டா. ஃபயர்ஃபிஷ் மாதிரி சாதுவை ஓட்டி ஓட்டியே பட்டினி போட்டுடும். அதுக்குப் பதிலா ஒரு ஃபேரி ராஸ் எடுங்க. நிறத்துக்கு நிறம், பவளத்தைத் தொடாது, இறாலையும் பொதுவா விட்டுடும். ஒரே குறை, குதிக்கும். ஃபயர்ஃபிஷும் அப்படியே. கண்ணாடி மூடி போட்டா வெப்பம் தேங்கும். அலுமினியச் சட்டத்துல 6 மி.மீ. கண்ணி வலை கட்டுங்க. ஓவர்ஃப்ளோ மூலை, ரிட்டர்ன் பைப் போற ஓட்டை ரெண்டையும் விட்டுடாதீங்க. விரல் நுழையுற சந்து இருந்தாப் போதும், காலையில தரையில காய்ஞ்சு கிடக்கும்.

ஃபயர்ஃபிஷ் ஜோடின்னு உறுதியா தெரிஞ்சா ரெண்டு, இல்லைன்னா ஒண்ணு. கடைத் தொட்டியில ஒரே பொந்துக்குள்ள ரெண்டும் போய் வந்தா ஜோடி. இல்லாத ரெண்டை விட்டா ஒண்ணு மேல் மூலையில ஒதுங்கும், அப்புறம் குதிக்கும்.

மாண்டரின் இப்ப வேண்டவே வேண்டாம். அது சில நொடிக்கு ஒரு தடவை பாறையைக் கொத்திக்கிட்டே இருக்கும், தின்றது கோப்பிபாட்ங்கிற நுண்ணிய உயிரி. ஆறு வாரத் தொட்டி, அதுவும் உலர் பாறையில ஆரம்பிச்சது, ஒரு மாண்டரினைத் தாங்காது. ஒரு வருஷம் போகட்டும். ராத்திரி விளக்கு அணைஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. கண்ணாடி மேல உப்புத்தூள் மாதிரி வெள்ளைப் பொடி பொடியா ஊர்ந்துக்கிட்டு இருந்தா அப்ப யோசிக்கலாம். கடையில பார்க்கும்போது வயிறு உள்ளே ஒட்டி, முதுகு கத்தி மாதிரி கூரா இருந்தா அது ஏற்கெனவே பட்டினி. பரிதாபப்பட்டு வாங்காதீங்க.

கோரல் பியூட்டி ஒரு சூதாட்டம். சிலது பவளத்தைத் தொடாது, சிலது சோவாவை (சோவாந்தஸ்) ஒவ்வொண்ணா கொத்தி மூட வச்சிடும். எது எப்படின்னு வாங்கும்போது தெரியாது. எடுத்தே ஆகணும்னா கடைசி மீனா எடுங்க, தினமும் நோரி (காய்ஞ்ச கடற்பாசி) கொடுங்க.

க்ளீனர் இறால் ரெண்டும் இருக்கட்டும். பவளத்துக்கு வச்ச தீனியை வாய்க்குள்ளேயே கையை விட்டுப் பிடுங்கும், அவ்வளவுதான் தொல்லை.

சம்ப்மெக்கானிக்:
கோரல் பியூட்டி விஷயத்துல உடன்பாடு இல்லை. சோவாதான் முக்கியப் பவளம்னா ஏன் அந்தச் சூதாட்டம்? அடிச்சிடுங்க.

யாரும் இன்னும் க்வாரண்டைன் (புது மீனைத் தனியா வச்சு மருந்து கொடுக்கிறது) பத்திப் பேசலை. நல்ல மீன் சேர்க்கை, கெட்ட முடிவு, பெரும்பாலும் காரணம் இதுதான். உங்க தொட்டி இப்ப மீனே இல்லாம ஆறு வாரம் ஓடியிருக்கு, பவளத்தோட ஒட்டுண்ணி வந்திருந்தாலும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீன் இல்லாம ஒட்டுண்ணி அழிய பொதுவா 76 நாள் சொல்வாங்க. நீங்க முதல் மீனை க்வாரண்டைன்ல வச்சிருக்கிற நேரத்துல அதுவும் தாண்டிடும்.

50 லிட்டர் டப், ஹீட்டர், சம்ப்ல ரெண்டு மூணு வாரம் ஊறின ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளியுறதுக்கு பிவிசி எல்போ நாலு. பாறையும் மணலும் கூடாது, ஒட்டுண்ணிக்குப் போடுற செம்பு மருந்தை உறிஞ்சிடும். கீலேட்டட் (வேற பொருளோட பிணைச்ச) செம்புன்னா ரெண்டு மூணு நாள்ல ஏத்தி 2.25 முதல் 2.5 பிபிஎம்ல 30 நாள் நிக்கணும். 2-க்குக் கீழ இறங்கினா மருந்து போட்டதா நினைச்சுக்கிட்டு ஏமாறுவீங்க. அயானிக் செம்புன்னா கணக்கே வேற, 0.5. பாட்டில் லேபிளைப் படிக்காம ஒண்ணோட அளவை இன்னொண்ணுக்குப் போட்டா மீன் காலி. நிறம் பார்க்குற கிட் இந்த அளவுல நம்பகமில்லை, டிஜிட்டல் கலரிமீட்டர் வாங்குங்க. அம்மோனியாவைக் கட்டுற மருந்தைச் செம்போட சேர்க்கவே கூடாது, செம்போட விஷம் கூடிடும். அம்மோனியா ஏறினா தண்ணி மாத்துங்க, புதுத் தண்ணிக்கும் அதே அளவு செம்பு கலந்து.

இறால் இந்த டப்புக்கு வரவே கூடாது. செம்பு பட்டா செத்துடும்.

இன்னொரு தப்பு எல்லாரும் செய்றது: பையில வந்த மீனுக்கு ரெண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டா ட்ரிப் விடுறது. பல மணி நேரம் மூடின பையில மூச்சுக்காத்து சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும், அம்மோனியா விஷம் குறைஞ்ச வடிவத்துல அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் பிஹெச் ஏறும், அடங்கின அம்மோனியா விஷமா மாறும். அதுக்குள்ளேயே ரெண்டு மணி நேரம் மீனை ஊற வச்சா செவுள் வெந்துடும். கடைத் தண்ணியோட உப்பை முன்கூட்டியே கேளுங்க. பல கடையில 1.020 பக்கம்தான் வச்சிருப்பாங்க. டப்பை அதே அளவுல தயார் பண்ணி வச்சு, பையை 20 நிமிஷம் மிதக்க விட்டு வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடுங்க. அப்புறம் நாளைக்கு 0.002 வீதம் 1.025-க்கு ஏத்துங்க.

கிளவுனுக்கு ஒரு எச்சரிக்கை. உடம்புல வெள்ளைப் படலம் உரிஞ்ச மாதிரி தொங்கினா அது ப்ரூக்லினெல்லா. செம்பு அதுக்கு வேலை செய்யாது, ஃபார்மலின் குளியல்தான். கடல்ல பிடிச்ச கிளவுன்ல இது அதிகம், அதனால தொட்டியில பொரிச்ச குஞ்சா கேட்டு வாங்குங்க. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கிளவுன் குஞ்சு பொரிப்புத் தொழில்நுட்பத்தை உருவாக்கிக் கொடுத்திருக்கு. நம்ம நாட்டுலேயே பொரிச்ச குஞ்சு கிடைக்குது.

மன்னார்வளைகுடா:
ஒன்று சேர்க்கிறேன். பின்னாளில் பட்டியல் நீளும்போது கவனிக்க வேண்டியது. நம் கடலின் பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கரும்பவளம், கடற்குதிரை ஆகியவை 2001-இல் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடற்குதிரையோடு பைப்ஃபிஷ் குடும்பமும் சேர்த்திதான். "ராமேஸ்வரத்திலிருந்து வந்த லைவ் ராக் (உயிரிகள் வாழும் கடல் பாறை), மேலே பவளத்தோடு" என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் கை வைக்காதீர்கள். விற்பவர் மட்டுமல்ல, வைத்திருப்பவரும் மாட்டுவார். நீங்கள் உலர் பாறையில் தொடங்கியது நல்லதாயிற்று.

கடல்கண்ணாடி:
எல்லாருக்கும் நன்றி. பாதிக்கு மேல அடிச்சாச்சு, ப்ளூ டாங் போனதுல வீட்டுல பெரிய வருத்தம். புதுப் பட்டியல்: ஆசெல்லாரிஸ் 2, பைஜாமா கார்டினல் 4, ஃபயர்ஃபிஷ் 1, ஃபேரி ராஸ் 1, டெய்ல்ஸ்பாட் ப்ளென்னி 1, இறால் 2. கிளவுன்தான் முதல்ல விடணும்னு இருக்கேன். அதோட மஞ்சள் வாட்ச்மேன் கோபியும் பிஸ்டல் இறாலும் சேர்க்கலாமா?

ராஸ்பிரியன்:
கோபி, பிஸ்டல் ஜோடி பார்க்கவே அருமை. ஆனா 3 செ.மீ. மணல் பத்தாது, குறைஞ்சது 5 வேணும், நடுவுல உடைஞ்ச சிப்பி, பவளத்துண்டு கலந்து. இல்லைன்னா இறால் தோண்டி ரெண்டும் சேர்ந்து வாழுற வளை நிக்காம சரியும். பாறை மணல் மேல உட்கார்ந்திருக்கா, கண்ணாடித் தரையில உட்கார்ந்திருக்கா? மணல் மேலன்னா பிஸ்டல் அடியில தோண்டி ஒரு நாள் மொத்தமா சாய்க்கும். முதல்ல அதைப் பாருங்க.

சம்ப்மெக்கானிக்:
கிளவுன் முதல்ல இல்லை, கடைசியில. சாதுவில ஆரம்பிச்சு முரடு கடைசி, அதான் வரிசை. முதல் தவணை ஃபயர்ஃபிஷும் கார்டினலும், ஒரே டப்ல க்வாரண்டைன் பண்ணலாம். அடுத்தது ப்ளென்னி, அதுக்கு மேயப் பாறையில மெல்லிசாப் பாசி படிஞ்சிருக்கணும், உடம்பு நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டையும் வேணும். அப்புறம் ராஸ். எல்லாம் அடங்கின பிறகு கிளவுன். ஒவ்வொரு தவணைக்கும் நடுவுல மூணு வாரமாவது விட்டு, நைட்ரேட் எங்க நிக்குதுன்னு பாருங்க.

ராஸ், கிளவுன் ரெண்டையும் நேரா தொட்டியில கொட்டாதீங்க. ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டியை உள்பக்கக் கண்ணாடியில தொங்க விட்டு, அதுக்குள்ள மூணு முதல் அஞ்சு நாள். பழைய ஆளுங்க முதல் நாள் பெட்டியை முட்டுவாங்க, மூணாம் நாள் கண்டுக்காம போவாங்க. அஞ்சாம் நாளும் ஒரு மீன் விடாம முட்டிக்கிட்டே இருந்தா திறக்காதீங்க. முட்டுற ஆளைப் பிடிச்சுப் பெட்டிக்குள்ள போட்டு, புது ஆளை வெளியே விடுங்க. திறக்குறது விளக்கு அணைஞ்ச பிறகு.