ஆர்.வி. ஷவர் இடுக்கை அடைக்கலாமா, விட்டுவிடலாமா?

நண்பர்களே, டெக்சாஸில் இருக்கிறோம். போன மாதம் பழைய டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் வீடு, ஆர்.வி.யில் ஒரு வகை) ஒன்று வாங்கினோம். அதன் ஷவரில் பிளாஸ்டிக் சுவரும் கீழ்த்தொட்டியும் சேரும் இடத்தில் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) எதுவுமே இல்லை, ஏ.டி.எம். கார்டு நுழையும் அளவுக்கு இடுக்கு. செங்குத்து மூலைகளில் மட்டும் யாரோ பூசிய சிலிக்கான், கறுத்துப்போய் உரிந்து நிற்கிறது.

எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பக்கத்து டிரெய்லர்காரர் தடுக்கிறார். சுவர் தொட்டி விளிம்புக்கு உள்பக்கமாக இறங்கியிருந்தால், பின்னால் போன தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் திரும்பி வடியுமாம். அடைத்தால் உள்ளேயே தேங்கி பிளைவுட் தரை ஊறிவிடுமாம். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வண்டி ஓடும்போது எல்லாமே ஆடுகிறதே, இடுக்கு பெரிதாகாதா? தரையை மிதித்துப் பார்த்தேன், இப்போதைக்குக் கெட்டியாக இருக்கிறது.

மூலைகளை மட்டும் அடைத்து, கீழே விட்டுவிடலாமா? பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது என்பது தெரியும், சுரண்டிவிடுவேன். அப்புறம், தொட்டிக்குள் ஏறி நின்று, அது அமுங்கியிருக்கும்போதே பூச வேண்டும் என்கிறார்களே, யாராவது செய்திருக்கிறீர்களா? என் எடைக்கு அது நன்றாகவே அமுங்கும். வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம், காய ஒரு நாளாவது வேண்டும்.