ரெண்டு காயில் மாத்தியும் கீசர் டேங்க் ஓட்டை: உங்க வீட்டுல நடந்ததையும் சொல்லுங்க

மடிப்பாக்கத்துக்காரி

ஒரு மாசம் ஆச்சு, இன்னும் மனசு ஆறலை. 15 லிட்டர் கீசர், வாங்கி நாலரை வருஷம். போர் தண்ணி. எங்க ஏரியா தண்ணியைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை, பக்கெட் விளிம்புல வெள்ளைக் கோடு விழாத வீடே கிடையாது. மீட்டர் வச்சுப் பார்த்தப்போ டி.டி.எஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு) 1,380 காட்டுச்சு. தண்ணியைச் சூடாக்குற காயில், முதல்ல ரெண்டாம் வருஷம் போச்சு, மாத்தினோம். பதினாலு மாசத்துல அடுத்தது, மாத்தினோம். மூணாவது தடவை காயில் நல்லாத்தான் இருந்தது, டேங்க்கே கசிய ஆரம்பிச்சுடுச்சு. அடிமூடி ஓரத்துலேர்ந்து துரு கலர்ல சொட்டு சொட்டா.

வந்தது சின்னப் பையன், இருபத்திரண்டு வயசு இருந்தா அதிகம். கீசரைக் கழட்டி பாத்ரூம் தரையில படுக்க வச்சான். அடித்தட்டு நட்டையெல்லாம் எடுத்துட்டு, பக்கெட்டுக்கு நேரா சாய்ச்சான். சடசடன்னு கொட்டுச்சு. எல்லாம் கல்லு. ஓடு ஓடா, உடைச்ச முட்டை ஓடு மாதிரி, சிலது என் உள்ளங்கை அகலத்துக்கு. கால் பக்கெட் இருந்தது. "அக்கா, இவ்வளவு நாளா இதுல பதினோரு லிட்டர் தண்ணிதான் பிடிச்சிருக்கும்"னான்.

அப்புறம் அந்தத் தட்டுல தொங்கின ஒரு கம்பியைக் காட்டினான். பேனா ரீஃபில் கனம்கூட இல்லை. கறுத்துப்போய், நடுவுல பொடிஞ்சு. "அனோட் ராடுக்கா இது. டேங்க் துருப்பிடிக்காம காப்பாத்துறது. புதுசுல விரல் கனம் இருக்கும்."

முன்னாடி காயில் மாத்த வந்தவங்க இதைப் பார்த்திருப்பாங்களான்னு கேட்டேன்.

"காயிலும் ராடும் ஒரே தட்டுலதான்க்கா இருக்கு. காயிலைக் கழட்டினா இதுவும் கூடவே வெளியே வரும்."

ரெண்டு பேர் கையிலயும் இருந்திருக்கு. ரெண்டு பேருமே திரும்ப உள்ளே விட்டு நட்டு முடுக்கிட்டுப் போயிருக்காங்க. அந்த ராடு விலை சில நூறு ரூபாய்தான். சொல்லியிருந்தா உடனே மாத்தியிருப்பேனே.

அம்பத்தூர் வீடு

எங்க வீட்டுல நடந்தது வேற. எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

அம்மாவுக்கு 71 வயசு. போன மார்கழியில மூணு நாள் தொடர்ந்து, "குழாயைத் தொட்டா குத்துதுடா"ன்னு சொன்னாங்க. நான் போய்த் தொட்டுப் பார்த்தேன், ஒண்ணும் தெரியலை. நான் ரப்பர் செருப்போட பாத்ரூம் போறவன், அம்மா வெறுங்கால். அது அப்போ எனக்கு உறைக்கலை. "சுகர் இருக்குல்லம்மா, நரம்பா இருக்கும், டாக்டர்கிட்ட காட்டலாம்"னு சொன்னேன். அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கிட்டேன்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கப் போனாங்க. சொம்பு உருள்ற சத்தமும் அம்மா சத்தமும் ஒண்ணா கேட்டுது. நல்லவேளை, கை விட்டுப்போய் சுவத்துல சாய்ஞ்சுட்டாங்க. மெயினை ஆஃப் பண்ணி அவங்களை வெளியே கொண்டு வந்தேன். அப்புறம் திரும்பப் போட்டு டெஸ்டர் வச்சேன். குழாய்ல எரியுது, ஷவர் கைப்பிடியில எரியுது, துண்டு போடுற ஸ்டீல் கம்பியில கூட மினுக்குது.

எலக்ட்ரீஷியன் 16 ஆம்ப் சாக்கெட்டைத் திறந்தார். உள்ளே பச்சை வயர். சுருட்டி, நுனியில டேப் சுத்தி, பெட்டி மூலையில திணிச்சு வச்சிருக்கு. எர்த் இழுத்திருக்காங்க, சாக்கெட்ல மாட்டலை. வீடு கட்டி ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமும் அந்தப் பச்சை வயர் அங்கேயே சுருண்டு கிடந்திருக்கு. காயில்ல விரிசல் விட்டதும் கரண்ட் தண்ணியில இறங்கியிருக்கு, போக வேற வழி இல்லாம அம்மா கைக்கு வந்திருக்கு.

மூணு நாள் சொன்னாங்க. நான் டாக்டரைத் தேடினேன்.

பெரம்பூர்காரன்

மடிப்பாக்கம் மேடம், மெக்கானிக்கைத் திட்டி என்ன செய்ய, எல்லாத்துக்கும் தண்ணிதான் காரணம். எங்க வீட்டுல மெட்ரோ வாட்டர். பழைய கீசர் பதினோரு வருஷம் ஒரு ஸ்பேர் மாத்தாம ஓடுச்சு. 2019 ஜூன்ல குழாய்ல தண்ணி நின்னுபோய் லாரி தண்ணியும் பக்கத்துத் தெரு போர் தண்ணியும் மாத்தி மாத்தி சம்ப்ல ஊத்தினோம் இல்லையா, அந்த அஞ்சு மாசத்துல காயில் காலி. ஆன் பண்ணினா உள்ளே கடுகு பொரியுற மாதிரி சத்தம் வரும். என் பையன் பயந்துபோய் பாத்ரூம் கதவைத் திறந்து வச்சே குளிப்பான்.

கரண்ட்டுக்குப் பயம்னா பேசாம கேஸ் கீசர் வாங்கிடுங்க. செலவும் கம்மி.

காலை ஷிஃப்ட்

என்னுது சின்ன விஷயம். புது கீசர், அரை பக்கெட் சுடுதண்ணி வந்ததும் ஜில்லுனு ஆயிடும். நாலு மாசம் "மாடல் சரியில்லை"ன்னு நினைச்சு அப்படியே குளிச்சிட்டு வேலைக்கு ஓடினேன். தண்ணி டேங்க் கழுவ வந்தவர் நிமிர்ந்து பார்த்துட்டு, "சார், நீலத்துல சூடு பைப், சிவப்புல பச்சைத்தண்ணி பைப் மாட்டியிருக்கு"ன்னார். நீலம்தான் உள்ளே போறது, சிவப்பு வெளியே வர்றது. மாத்தி மாட்டி பத்து நிமிஷத்துல சரியாச்சு.

ரிட்டயர்டு ஃபோர்மேன்

என் கதை ரெண்டு வரி. திருவான்மியூர் வீட்டில் 2011ல் மாட்டிய 25 லிட்டர் கீசர் இன்றும் ஓடுகிறது. இதுவரை மாற்றியது ஒரு காயில், ஒரு தெர்மோஸ்டாட், ஐந்து ராடு.

பெரம்பூர் நண்பர் சொல்வது பாதிதான் சரி. தண்ணீர் கெட்டது என்றால் காயில் போகும், ஒப்புக்கொள்கிறேன். டேங்க் போனதற்கு மடிப்பாக்கம் மேடம் சொல்லும் ராடுதான் காரணம். டேங்க் இரும்பு, உள்ளே கண்ணாடிப் பூச்சு. பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்காவது ஊசிமுனை அளவு இடைவெளி இருக்கும். மெக்னீசியம் ராடு எதற்கு? இரும்புக்கு முன்னால் அது கரைவதற்கு. உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரையும். அது தீர்ந்த நாளிலிருந்து இரும்பு கரைய ஆரம்பிக்கும். போர் தண்ணீர் வீடுகளில் வருஷத்துக்கு ஒரு தடவை தட்டைக் கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஆள் வரும்போது பக்கத்தில் நின்று "ராடைக் காட்டுப்பா" என்று கேளுங்கள்.

மேடம், உங்கள் 1,380 டி.டி.எஸ் மொத்த உப்பின் கணக்கு. சுண்ணாம்பு படிவது கடினத்தன்மையால், அதாவது கால்சியம், மெக்னீசியத்தால். அதற்குத் தனி டெஸ்ட் கிட் கிடைக்கிறது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை. கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் போட்டால் சுண்ணாம்பு நிற்கும். ஆனால் டி.டி.எஸ் குறையாது, கால்சியத்துக்குப் பதில் சோடியம் வரும், அவ்வளவுதான். ராடு இன்னும் வேகமாகக் கரையும். சாஃப்ட்னர் வைத்தவர்கள் ராடை மறந்துவிடக் கூடாது.

தெர்மோஸ்டாட்டை 75ல் வைத்துவிட்டுப் பச்சைத்தண்ணீர் கலந்து குளிப்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு படியும். 60 போதும். 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுவர 2,000 வாட்ஸ் காயிலுக்குப் பதினேழு நிமிஷம், அரை யூனிட்டுக்குச் சற்று மேல். ராத்திரியே போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதில்லை.

சேஃப்டி வால்வில் சொட்டினால் பதறாதீர்கள். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு வரும்போது ஒரு டம்ளர் அளவு பெருகும், அது வெளியே வர வேண்டும். ஆஃபில் இருக்கும்போதும் ஒழுகினால்தான் வால்வைப் பார்க்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

அம்பத்தூர் தம்பி, எர்த் மட்டும் போதாது. 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி போடுங்கள், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை அணைக்கும் ஸ்விட்ச் அது. லோடு கூடினால் விழும் எம்.சி.பி வயரைக் காப்பாற்றத்தான். ஆள் உயிரைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். போட்டாச்சா என்று இங்கே எழுதுங்கள்.

வாடகை வீடு, சேலையூர்

ஐயா, "அடைக்கக் கூடாது"ன்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் கை நடுங்குது. எங்க வீட்டுல அடைச்சாங்க.

வால்வுல சொட்டி கீழ்வீட்டு சீலிங்ல ஈரம் இறங்குதுன்னு புகார். ஹவுஸ் ஓனர் ஆள் அனுப்பினார், அவர் வந்து வால்வு வாயில எதையோ பூசி இறுக்கிட்டுப் போயிட்டார். சொட்டு நின்னுடுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். அதுக்கு முன்னாடி வருஷம் வந்த இன்னொருத்தர், கீசர் அடிக்கடி ஆஃப் ஆகுதுன்னு சூடு மீறினா கரண்ட்டை நிறுத்துற கட்-அவுட்டை டைரக்ட் பண்ணி, அதாவது அது வேலை செய்யாதபடி வயரை நேரா சேர்த்து வச்சிருந்தார். அது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும்.

ஒரு நாள் காலையில அஞ்சே கால். பொண்ணு பாத்ரூம்லேர்ந்து வந்து, "அப்பா, ஃப்ளஷ் பண்ணினா ஆவி வருது"ன்னா. தூக்கக் கலக்கத்துல பேசுறான்னு நினைச்சேன். போய் ஃப்ளஷ் டேங்க் மேல கை வச்சேன், சுட்டுது. சமையலறை சிங்க்ல பச்சைத்தண்ணிக் குழாயைத் திறந்தேன், காறித் துப்புற மாதிரி ஆவியும் தண்ணியும் மாத்தி மாத்தி அடிக்குது. மேலே கீசர் "கொர்ர்"னு ஒரே சீரா சத்தம். நல்லவேளை, ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே. ஆஃப் பண்ணிட்டு மூணு பேரும் மாடிப்படியில போய் உட்கார்ந்தோம். ஏழு மணி வரைக்கும் உள்ளே போகலை.

தெர்மோஸ்டாட் பாயின்ட் ஒட்டிக்கிட்டு, சூடு ஏறியும் கரண்ட்டை நிறுத்தலையாம். ஓனர் புது கீசர் மாட்டித் தந்துட்டார், அதுல குறை சொல்ல மாட்டேன். வால்வை அடைச்சப்போ நானும் பக்கத்துல நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தேன்.

ரிட்டயர்டு ஃபோர்மேன்

சேலையூர் தம்பி, ஸ்விட்சை அணைத்ததும் வெளியே போனதும் சரி. அந்த நேரத்தில் வால்வை நோண்டியிருந்தால் முகம் வெந்திருக்கும். வால்வுக்குள்ளேயே ஒரு நான்-ரிட்டர்ன் இருக்கும், தண்ணீரைப் பின்னால் போக விடாது. உங்களுடையது சுண்ணாம்பு பிடித்துச் சரியாக மூடாமல் இருந்திருக்க வேண்டும், அதனால்தான் ஆவி பச்சைத்தண்ணீர்க் குழாய்க்கு ஏறி வெளியேறியது. அதுவும் மூடியிருந்தால் டேங்க்குக்கு வேறு போக்கிடமே இல்லை.

கட்-அவுட்டை டைரக்ட் செய்து தருகிற ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்றால் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்று அது சொல்கிறது.

கொளத்தூர் அக்கா

பெரம்பூர் தம்பி, "பேசாம கேஸ் கீசர் வாங்கிடுங்க"ன்னு அவ்வளவு லேசா எழுதாதீங்க. தயவுசெய்து.

எங்க சித்தி பொண்ணு. பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருந்தது. தை மாசக் குளிர், கொசு வேற, ஒரே ஒரு ஜன்னல், அதுல அட்டை வச்சு அடைச்சிருந்தாங்க. தலைக்குக் குளிக்கப் போனா. கால்மணி நேரம் கழிச்சு நான் கூப்பிடுறேன், பதில் இல்லை. தண்ணி விழுற சத்தம் மட்டும் கேட்குது. சித்தப்பா தாழ்ப்பாளை உடைச்சார். சுவத்தோரமா உட்கார்ந்த மாதிரி சாய்ஞ்சு கிடக்கா, தலையில ஷாம்பு நுரை அப்படியே இருக்கு. மேலே கீசர்ல நீல ஜ்வாலை எரிஞ்சிட்டே இருக்கு. வாசனையே இல்லை. கேஸ் லீக்கா இருந்தா வாசனை வந்திருக்கும், நாங்களே சுதாரிச்சிருப்போம். இது காத்தோட்டம் பத்தாம எரியுறப்போ வர்ற கார்பன் மோனாக்சைடு, அதுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

ஹால்ல கொண்டுவந்து ஜன்னலெல்லாம் திறந்தோம், ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சாங்க. பிழைச்சா. இப்போ நல்லா இருக்கா, ஆனா அன்னிக்குக் காலையிலேர்ந்து நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகத்துல இல்லை. எனக்குத்தான் அந்த நுரை ஞாபகம் இருக்கு.

கேஸ் கீசர்தான் வேணும்னா பாத்ரூமுக்கு வெளியே, காத்து வர்ற இடத்துல மாட்டி, பைப் மட்டும் உள்ளே கொண்டு போங்க.

பெரம்பூர்காரன்

அக்கா, மன்னிச்சுக்கோங்க. தெரியாம எழுதிட்டேன். என் மச்சினன் வீட்டுல பாத்ரூமுக்குள்ளதான் இருக்கு. இப்பவே ஃபோன் பண்றேன்.

மடிப்பாக்கத்துக்காரி

ஃபோர்மேன் ஐயாவுக்கு நன்றி. புது கீசர் வந்தாச்சு, 60ல வச்சிருக்கேன். மாட்டின தேதியையும் ராடு பார்க்க வேண்டிய மாசத்தையும் மார்க்கர்ல பக்கவாட்டுல எழுதிட்டேன், அடுத்து யார் வந்தாலும் கண்ணுல படும். ராடு வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு, பழைய ராடைக் கையோட எடுத்துட்டுப் போங்க. நீளமும் மரை அளவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுது, நான் ரெண்டு தடவை அலைஞ்சேன்.

அம்பத்தூர் வீடு

ஐயா கேட்டதுக்குப் பதில். எர்த் மாட்டியாச்சு, ஆர்.சி.சி.பி போட்டாச்சு. மாசம் ஒண்ணாம் தேதி டெஸ்ட் பட்டனை அமுக்குறது அம்மாதான். எப்படின்னு காட்டிக்கொடுத்தேன், இப்போ அவங்களே காலண்டர் தாளைக் கிழிச்சதும் போய் அமுக்கிட்டு, "விழுந்துச்சுடா"ன்னு குரல் கொடுப்பாங்க. குழாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி மட்டும் இன்னும் புறங்கையால ஒரு தட்டு தட்டிப் பார்த்துட்டுத்தான் பிடிக்கிறாங்க.