அப்டேட்டை அடைத்துவிட்டேன், தப்பா?

கிராணி_மகன் (பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா):
முந்தாநாள் ராத்திரி பதினொன்றுக்கு மகள் பள்ளி இடுபணியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். தே ஓ கலக்க அடுப்படிக்குப் போய் வருவதற்குள் மடிக்கணினி தானே அணைந்து எழுந்து, 27 விழுக்காட்டில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சேமிக்காத இரண்டு பக்கம் போச்சு. எங்கள் லயத்துப் பக்கம் கம்பி இணையம் இன்னும் வரவில்லை, எல்லாம் என் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். அன்றைக்கு மட்டும் 3 ஜிபி குடித்திருக்கிறது. கோபத்தில் சர்வீசஸ் பட்டியலுக்குள் போய் வின்டோஸ் அப்டேட்டையே டிசேபிள் செய்துவிட்டேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஸ்குரு_டிரைவர்:
இருக்கிறது அண்ணே. கணினி பழுது பார்த்துத்தான் சாப்பிடுகிறேன், அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 2017 மார்ச் 14-இல் மைக்ரோசாஃப்ட் வின்டோஸில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்து அப்டேட் விட்டது. போட்டவர்கள் போட்டார்கள். மே 12-இல் வான்னாக்ரை என்ற தீய நிரல் அதே ஓட்டை வழியாக நுழைந்து, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது. நீங்கள் செய்திருப்பது கதவு கிறீச்சிடுகிறது என்று கதவையே கழற்றி வைத்த கதை.

செம்பனை_நிழல்:
தம்பி, பாதிக் கதையைச் சொல்லி மிரட்டாதே. 2018 அக்டோபரில் வந்த பெரிய வின்டோஸ் 10 அப்டேட் என்ன செய்தது? சிலருடைய டாக்குமெண்ட்ஸ் கோப்புறையைக் காலி செய்தது. மைக்ரோசாஃப்டே சில நாளில் அதை நிறுத்தி, அடுத்த மாதம்தான் திருத்தி விட்டது. அவசரப்பட்டவன்தான் மாட்டினான், சும்மா இருந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் என் மேசைக் கணினி கதை. சாயங்கால இடிமழை, அப்டேட் பாதியில் ஓடுகிறது, கரண்டு போச்சு. திரும்ப எழவே இல்லை. கடையில் 80 ரிங்கிட் கொடுத்து, எல்லாம் அழிந்து, புதுசாக ஏற்றி வந்தேன். பேரப்பிள்ளை காது குத்துப் படங்கள் அதில்தான் இருந்தன. கிராணி செய்தது சரி.

ஸ்குரு_டிரைவர்:
ஐயா, படத்துக்கு இன்னொரு பிரதி இல்லாததற்கு அப்டேட் என்ன செய்யும்? அதே மழையில் வெறும் மின்னலே டிஸ்க்கைக் கொன்றிருக்கும். நம் ஊரில் மோடத்தை எத்தனை தடவை மாற்றியிருக்கிறோம்! 2018 விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு வாரம் பொறுக்கச் சொல்லும் பாடம், ஒரேயடியாக அடைக்கச் சொல்லும் பாடம் இல்லை.

கிராணி_மகன்:
நான் கண்ட இணைப்பையும் தட்டுகிறவன் இல்லை தம்பி. வங்கி வேலையும் கைப்பேசியில்தான்.

ஸ்குரு_டிரைவர்:
வான்னாக்ரை யாரும் தட்டக் காத்திருக்கவில்லை அண்ணே. ஒரு கணினிக்குள் வந்தால் அதே வலையில் இருக்கும் மற்றதற்குத் தானாகத் தாவியது. உங்கள் மகள் மடிக்கணினியைப் பள்ளி வைஃபையில் சேர்ப்பாள்தானே? இன்னொன்று, நீங்கள் அடைத்த சர்வீஸ் அடைந்தே கிடக்காது. அதைத் தட்டி எழுப்புவதற்கென்றே வின்டோஸுக்குள் வேறொரு சர்வீஸ் இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி மறுபடியும் 27 விழுக்காடு பார்ப்பீர்கள்.

டீச்சரக்கா:
இரண்டு பேரும் மூச்சு விடுங்கள். கிராணி அண்ணனுக்கு இருப்பது இரண்டு வேறு வேறு பிரச்சினை. டேட்டா போவது ஒன்று, நேரங்கெட்ட நேரத்தில் அணைவது இன்னொன்று.

டேட்டாவுக்கு: வைஃபை அமைப்பில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் தட்டி, பண்புகளில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். அவசியமான சிறு விஷயங்கள் தவிரப் பெரும்பாலானவை நீங்கள் அழுத்தாமல் இறங்காது. நானும் கைப்பேசிக்கு ரீலோட் போட்டு ஓட்டுகிறவள்தான், வேலை செய்கிறது.

அணைவதற்கு: 'ஆக்டிவ் அவர்ஸ்' பாருங்கள், அப்டேட்டுக்காகக் கணினி தானே அணைந்து எழக் கூடாத நேரம் அது. காலை 8 முதல் மாலை 5 வரை என்று இருந்திருக்கும். ராத்திரி பதினொன்று அதற்கு ஓய்வு நேரம்! 18 மணி நேரம் வரை நீட்டலாம். நான் காலை 7 முதல் நள்ளிரவு 1 வரை வைத்திருக்கிறேன்.

மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகும், நம் நேரத்துக்குப் புதன் விடியற்காலை. அன்றைக்கு 'பாஸ்' (Pause) அழுத்தி ஒரு வாரம் தள்ளிவிடுவேன். வீட்டுக் கணினிகளில் இருக்கும் வின்டோஸ் ஹோம் பதிப்பில் 35 நாள் வரை தள்ளலாம், அதற்கு மேல் போட்டுத்தான் ஆகவேண்டும். ஒரு மாதம் விட்டாலும் அடுத்த மாதத்தில் பழையதும் சேர்ந்தே வரும்.

செம்பனை_நிழல்:
என்னுடையது வின்டோஸ் 10 டீச்சர். 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. அப்டேட்டும் இல்லை, சண்டையும் இல்லை.

ஸ்குரு_டிரைவர்:
ஐயா, அதைச் சொல்லிச் சிரிக்கிறீர்களே! மைக்ரோசாஃப்டின் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். பதியவில்லை என்றால் அந்தக் கணினியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம்.

செம்பனை_நிழல்:
வருகிறேன், மழை விட்ட பிறகு. அப்டேட் போட இல்லை, படம் மீட்க முடியுமா என்று பார்க்க.

கிராணி_மகன்:
சர்வீஸைத் திறந்துவிட்டேன். டீச்சர் சொன்ன மீட்டரும் போட்டாச்சு. ஆனால் மீட்டரைப் போட்டதால் இறக்குவது இனி என் தலையில். மாதம் ஒரு ஞாயிறு ரவாங்கில் தங்கச்சி வீட்டுக்குப் போவோம், அங்கே ஃபைபர் இருக்கிறது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். சோறு தின்ன வந்தீர்களா, அப்டேட் போட வந்தீர்களா என்று மாப்பிள்ளை கேட்கப்போகிறார்.