அரை இன்ச் லைனை ஒரு இன்ச்சா மாத்தினா ஷவர்ல தண்ணி கூடுமா?

மேல்மாடி:
மாடி டேங்க்ல இருந்து பாத்ரூம் வரை 15 மீட்டர் அரை இன்ச் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) லைன். டேங்க் அடி, ஷவரை விட 3 மீட்டர் உசரம். ஷவர்ல 10 லிட்டர் வாளி நிரம்ப 80 வினாடி ஆகுது. கிச்சன் டேப்பைத் திறந்துட்டா ஷவர் நூல் மாதிரி ஆயிடுது. மொத்தத்தையும் ஒரு இன்ச்சா மாத்தணும்னு ப்ளம்பர் சொல்றார். பைப் சின்னதா இருந்தாத்தான் வேகம்னு அண்ணன் சொல்றார். எது சரி?

தொட்டி_உயரம்:
அண்ணன் சொல்றதுதான் சரி, காசை வீணாக்காதீங்க. பிரஷரைக் கொடுக்கிறது உயரம் மட்டும்தான். 10 மீட்டருக்கு சுமார் 1 பார், உங்க 3 மீட்டருக்கு 0.3 பார். அரை இன்ச் போட்டாலும் ரெண்டு இன்ச் போட்டாலும் அது மாறாது. செடிக்குத் தண்ணி விடுற ஓஸ் வாயைக் கட்டை விரலால அடைச்சுப் பாருங்க, எவ்வளவு தூரம் பீச்சுது!

ஸ்பேனர்22:
அதே ஓஸை விரலோட வாளியில விட்டு நேரம் பாருங்க சார். பீச்சுறது வேகமா இருக்கும், வாளி நிரம்ப முன்னைவிட அதிக நேரம் ஆகும். விரலை வச்சதும் ஓஸுக்குள்ள ஓட்டம் குறையுது. ஓட்டம் குறைஞ்சா உரசல்ல போற பிரஷரும் குறையுது, அது விரலுக்குப் பின்னாடி சேர்ந்து நிக்குது. அதனாலதான் பீச்சுது. 15 மீட்டர் முழுக்கப் பைப்பே ஒல்லியா இருந்தா அந்த பிரஷர் வழியிலேயே செத்துடும், ஷவருக்கு வந்து சேராது.

நீங்க சொன்ன 0.3 பார் டேப் மூடியிருக்கும்போது சரி. திறந்த பிறகு எவ்வளவு மிச்சம்கிறதுதான் கேள்வி. ஓட்டம் ரெண்டு மடங்கானா உரசல் நஷ்டம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. கிச்சன் டேப்பைத் திறந்தா ஷவர் சாகுறது அதனாலதான், ரெண்டும் ஒரே ஒல்லி லைன்ல தொங்குது.

கணக்கு_டீச்சர்:
உள்விட்டம் இரட்டிப்பானா குறுக்குப் பரப்பு 4 மடங்கு. ஆனா அதே உயரத்துல ஓட்டம் சுமார் 6 மடங்கு கூடும். தண்ணியை இழுத்துப் பிடிக்கிறது பைப் சுவர், பெரிய பைப்ல சுவரை உரசுற தண்ணியோட பங்கு குறைவு. 16 மடங்குன்னு சிலர் எழுதுவாங்க, அது அலையாம, மெதுவா நழுவுற ஓட்டத்துக்கு. வீட்டு லைன்ல தண்ணி சுழிச்சுக்கிட்டுத்தான் ஓடும்.

தொட்டி_உயரம்:
விரல் விஷயத்துல நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா "மொத்தத்தையும்" மாத்துறதை இப்பவும் ஒத்துக்க மாட்டேன். சுடுதண்ணி லைன் 10 மீட்டர்னு வச்சுக்கோங்க. 15 மில்லிமீட்டர் (அரை இன்ச்) பைப்ல உள்ள நிக்கிறது 1.8 லிட்டர், 25ல (ஒரு இன்ச்) 4.9 லிட்டர். ஒவ்வொரு தடவையும் அந்த ஆறின தண்ணியைக் கொட்டிட்டுத்தான் குளிக்கணும். அதோட, அடைப்பு எங்கேன்னு பார்க்காம ஏன் சுவரை உடைக்கணும்?

ஸ்பேனர்22:
இது நியாயமான பேச்சு. மேல்மாடி சார், ஷவர் தலையைக் கழட்டிட்டு ஒரு தடவை வாளி வச்சுப் பாருங்க. அப்புறம் டேங்க் அடியில யூனியனை (பைப்பைக் கழட்டி மாட்டுற இணைப்பை) கழட்டி அங்கேயும் வச்சுப் பாருங்க. வால்வு முழுசாத் திறந்திருக்கான்னும் பார்த்துடுங்க.

மேல்மாடி:
பார்த்தாச்சு. ஷவர் தலை இல்லாம 74 வினாடி, அதனால தலை மேல குத்தமில்லை. டேங்க் அடியில 21 வினாடி! வால்வு முழுசாத்தான் திறந்திருக்கு. நடுவுல ஒரு எல்போ (எல் வடிவ மூலை இணைப்பு) பக்கம் அறுத்துப் பார்த்தோம். உள்ள செங்கல் நிறத்துல துரு, கட்டி கட்டியா. ஒரு பென்சில்தான் நுழையுது.

தொட்டி_உயரம்:
அப்போ அந்த ஜிஐ போகட்டும். கிச்சனுக்கும் பாத்ரூமுக்கும் பொதுவா இறங்குற லைனை மட்டும் ஒரு இன்ச் போடுங்க. சுடுதண்ணி லைன்ல கை வைக்காதீங்க.

ஸ்பேனர்22:
கடைசி ரெண்டு மீட்டர் கிளையும் அரை இன்ச்சே இருக்கட்டும், அந்த நீளத்துக்கு நஷ்டம் கொஞ்சம்தான். எல்போவைக் குறைச்சு, வளைவு எங்கே முடியுமோ அங்கே நீள பெண்டு (மெதுவா வளையுற பைப் துண்டு) போடச் சொல்லுங்க. வேலை முடிஞ்சதும் அதே வாளியில நேரம் பார்த்து இங்கே போடுங்க.